தந்தையின் அச்சம்

நோயுற்றார் ஒருவர்க்கு மருந்து தேடுதல் எளிது. மருந்துண்ண அவரை இசைவித்தல் அரிது. நோயுற்றவர் நம்மைப் பெற்று வளர்த்தவராகவும் இருந்துவிட்டால் அவ்வருமை இரு மடங்காகின்றது. குழந்தை மருந்துண்ண மறுத்தால் மடியில் கிடத்தி வாயில் புகட்டலாம். நமக்கு நடை பயிற்றிய தந்தைக்கு அவ்வாறு செய்தல் கூடுமோ? அவர் ‘வேண்டா’ என்று ஒரு சொல் சொல்லிவிட்டால், அவர் சொற்கேட்டே பழகிய பிள்ளைகள் செய்வதறியாது திகைத்து நிற்பர்.

திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்துக் காட்டினார். நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுபவன் என்பன அந்நான்கும். அவற்றுள் நோயாளியையே அவர் முதற்கண் வைத்தார். முதலாமவர் இசையாதபோது ஏனைய மூன்றும் வாயிலில் வந்து காத்துக்கிடப்பதன்றி வேறு செய்யமாட்டா. அவ்வேளையில் பேணுபவர் செய்யத்தக்கது யாது, செய்யத்தகாதது யாது என்பதை ஒரு நெசவாளர் குடும்பத்தில் நிகழ்ந்தவற்றைக் கொண்டு காண்போம்.

காஞ்சிபுரத்தில், பட்டுத் தறிகளின் ஓசை விடியற்காலையிலேயே எழும் தெருவொன்றில் எழுபது வயதுடைய நெசவாளர் ஒருவர் வாழ்ந்து வந்தார். குழித்தறியில் அமர்ந்து கோர்வைப் புடைவை நெய்வதில் அவர் கைதேர்ந்தவர். புடைவையின் உடல் ஒரு நிறமும் கரை மற்றொரு நிறமுமாக இருக்க, இரண்டும் விலகாமல் ஒன்றோடொன்று பிணையுமாறு நெய்வதே கோர்வை. இவ்வேலைக்கு ஒருவர் கை போதாது. கரைக்குரிய நாடாவை வீசுவதற்கு மற்றொருவர் அருகில் அமர்தல் வேண்டும். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அவ்விடத்தில் அமர்ந்தவர் அவருடைய மனைவியார். மகன் தறியை விட்டுத் திருப்பெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையொன்றில் வேலைக்குச் சென்றான். மகளை ஆரணியில் மணம் செய்து கொடுத்திருந்தனர். மகனுக்கு நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் உண்டு. தறிக்குழியின் விளிம்பில் அமர்ந்து, வெறுமையான தார்க்குச்சிகளை வீடு போல் அடுக்குவதும் கலைப்பதுமே அச்சிறுவனுடைய அன்றாட விளையாட்டு.

2025ஆம் ஆண்டுத் தைத் திங்களில் நெசவாளரை இருமல் பற்றியது. “மழைக்காலத்து ஈரம் தறிக்குழியில் தங்கிவிட்டது, வெயில் ஏறினால் போய்விடும்” என்றார். வெயில் ஏறியது, இருமல் போகவில்லை. மாலைதோறும் உடல் சிறிது காய்ந்தது. நள்ளிரவில் வியர்வை பெருகிப் பாயை நனைத்தது. தோள் எலும்புகள் புலப்பட்டன. இவற்றையெல்லாம் வீட்டார் காணுமுன்பே தெருவார் காதால் அறிந்துகொண்டனர். நெசவாளர் தெருவில் ஒவ்வொருவர் தறிக்கும் ஓர் ஓசையுண்டு. இன்னார் தறி என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவர். இவருடைய தறியின் ஓசை இடையிடையே நின்று, இருமல் ஓசை எழுந்து, மீண்டும் தறியோசை தொடங்குவதைக் கேட்டு, “பெரியவர்க்கு உடல் நலமில்லை போலும்” என்று அவர்கள் பேசிக்கொண்டனர்.

இரண்டு வாரத்திற்கு மேல் நீடிக்கும் இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, உடல் மெலிவு ஆகிய இவை ஒருங்கே தோன்றினால் சளியைச் சோதித்துப் பார்த்தல் வேண்டும் என்பதை இக்காலத்தில் சுவரொட்டியைப் படிப்போரும் அறிவர். மகனும் அறிந்திருந்தான். ஆகவே தந்தையை மருத்துவமனைக்கு அழைத்தான். அவர் மறுத்தார், மீண்டும் அழைத்தான், மீண்டும் மறுத்தார். அழைப்பு நாளடைவில் கடிந்துரையாக மாறியது. “உங்கள் பிடிவாதத்திற்கு ஓர் அளவில்லையா? நாளைக்கு உங்களுக்கு ஏதேனும் நேர்ந்தால் ஊரார் என்னையன்றோ ஏசுவர்?” என்றான். கைப்பேசியில் தான் படித்த கொடிய நோய்களின் பெயர்களையெல்லாம் அடுக்கி அச்சுறுத்தினான். தந்தையார் தறியிலிருந்து தலை நிமிராமலே, “எனக்கு ஒன்றுமில்லை தம்பி, நீ போய் உண்டுவிட்டு உறங்கு” என்றார்.

மகன் அன்பில்லாதவன் அல்லன். இரவில் தந்தை இருமும் ஒவ்வொரு முறையும் அவனும் விழித்திருந்தான். அச்சம் சினத்தின் ஆடையை உடுத்துக்கொண்டு வெளிவருதல் மக்களிடையே பெரும்பான்மையும் காணப்படுவது. ஆனால் கேட்பவர்க்கு ஆடைதான் தெரியும், உள்ளிருப்பது தெரியாது.

கடிந்துரை பயன்படாமற் போகவே அவன் ஒரு சூழ்ச்சி செய்தான். வைகாசித் திங்களில் வரதராசப் பெருமாள் கோயில் கருடசேவை வந்தது. தந்தையார் ஆண்டுதோறும் தவறாமல் காணும் விழா அது. “வாருங்கள் அப்பா, விடியற்காலையிலேயே போய்க் கண்டு வருவோம்” என்று ஆட்டோவில் அழைத்துச் சென்றான். சேவை முடிந்து திரும்புகையில் வண்டி வீட்டுத் தெருவுக்குத் திரும்பாமல் வேறு வழியில் சென்றது. மருத்துவமனை வாயிலில் வண்டி நின்ற பின்னரே தந்தையார் உண்மையை உணர்ந்தார். அவர் ஒன்றும் பேசவில்லை, இறங்கினார், மகனைத் திரும்பிப் பாராமல், வெயிலில் இருமிக்கொண்டே நடந்து வீடு சேர்ந்தார். மூன்று நாள் எவரிடமும் வாய் திறக்கவில்லை. நான்காம் நாள் மகன் “கடைக்குப் போய் வருகிறேன்” என்று தாயிடம் சொன்னபோது, “எந்தக் கடைக்கு?” என்று கேட்டார். அவ்வினாவில் இருந்த ஐயம் மகனைச் சுட்டது.

அன்பினால் செய்யும் பொய்க்குக் குற்றமில்லை என்று பலர் எண்ணுவர். ஒரு நாளில் முடியும் காரியமாயின் அப்பொய் ஒருவேளை பயன் தரலாம். நெடுநாள் மருந்துண்ண வேண்டிய நோய்க்கு, நோயாளி தம்மைப் பேணுவோரை நெடுநாள் நம்புதல் வேண்டும். வாயிலிலேயே நம்பிக்கையை இழந்துவிட்டால் உள்ளே சென்று பெறுவது யாது?

இச்செய்தி கேட்டு மகள் ஆரணியிலிருந்து வந்தாள். வந்தவள் இரண்டு நாள் மருத்துவமனை என்னும் சொல்லையே எடுக்கவில்லை. தாயை எழுப்பிவிட்டுத் தறியருகில் அவர் இடத்தில் அமர்ந்து, சிறுமியாய் இருந்த காலத்தில் செய்ததுபோலக் கரை நாடாவை வீசிக்கொடுத்தாள். இவ்விடத்தில் ஒன்று கூறுதல் இன்றியமையாதது. இரண்டு நாள் காத்திருத்தல் எல்லா நோய்க்கும் பொருந்தாது. மூச்சு முட்டினாலும், குருதி மிகுதியாக வெளிப்பட்டாலும், நெஞ்சு வலித்தாலும், நினைவு தடுமாறினாலும் அப்பொழுது இனிய சொற்களைத் தேடிக்கொண்டிருத்தல் அறியாமையாகும். 108 என்னும் எண்ணுக்கு அழைத்து வண்டியை வருவித்தலே அறிவு. நெசவாளர் நிலை அத்தகையதன்று. நாளுக்கு நாள் தேய்ந்து வந்தாரேயன்றி அன்றே அபாயம் நேரும் நிலையில் இல்லை. ஆகவே மகளுக்குச் சிறிது காலம் இருந்தது. அதனை அவள் பார்ப்பதிலும் கேட்பதிலும் செலவிட்டாள்.

அவள் கண்டவை சில. தந்தையார் கூடத்தில் உறங்குவதை விட்டுத் தறியறையிலேயே பாய் விரித்துக்கொண்டார். அவருடைய தட்டு அடுக்களையில் இல்லை. தறியறைச் சுவரில் ஓர் ஆணியில் பித்தளைக் குவளை ஒன்று தனியே தொங்கியது. பேரன் தார்க்குச்சிகளோடு ஓடி வந்தபோது, “போ, உன் அம்மாவிடம் போ” என்று அவர் உரத்து விரட்டினார். சிறுவன் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு திரும்பினான். மகன்மேல் கொண்ட சினத்தைப் பேரன்மேல் காட்டுகின்றார் என்று வீட்டார் கருதியிருந்தனர். மகள் அவ்வாறு கருதவில்லை. சிறுவன் போன பின்பு, அவன் போன திசையையே தந்தையார் நெடுநேரம் நோக்கியிருந்ததை அவள் கண்டாள்.

இரண்டாம் நாள் நண்பகலில் நாடாவை வீசியவாறே, “அப்பா, இந்தக் குவளை எப்பொழுது இங்கு வந்தது?” என்று கேட்டாள்.

தறி நின்றது. “பங்குனியில்” என்றார்.

“அம்மா கொண்டுவந்து வைத்தாரா?”

“நானே எடுத்து வைத்துக்கொண்டேன்.”

மகள் மேலே ஒன்றும் வினவவில்லை. வினவாமல் இருந்தமையாலேயே அவர் பேசத் தொடங்கினார்.

1961ஆம் ஆண்டில் அவர் ஆறு வயதுச் சிறுவர். அவருடைய தந்தையும் நெசவாளரே. இருமி இருமிக் குருதி கக்கியவரைக் கம்பளியால் போர்த்தி, வண்டியில் ஏற்றி, ஊருக்கு வெளியே நெடுந்தொலைவில் இருந்த காசநோய் விடுதியொன்றுக்குக் கொண்டு சென்றனர். ஒரே ஒரு முறை தாயோடு சென்று தொலைவில் நின்று பார்த்தார். அருகில் ஓட முயன்றவரைத் தாய் இறுகப் பற்றிக்கொண்டார். அதன் பிறகு இறப்புச் செய்திதான் வந்தது. தெருக்கிணற்றில் தாய் நீர் இறைக்க வந்தால் மற்றவர் விலகி நின்றனர். வழக்கமாகப் பாவு கொடுத்து வந்தவர், “அந்த வீட்டில் நெய்த புடைவையை யார் வாங்குவர்?” என்று கூறிப் பாவு கொடுக்க மறுத்தார். ஓராண்டுக் காலம் அவ்வீட்டுத் தறி வாளாக் கிடந்தது.

“போனவர் திரும்பவில்லை, அம்மா. நான் போனாலும் திரும்பப் போவதில்லை. இங்கேயே இருந்தால் தறிமேல் கை வைத்தபடியே கண்ணை மூடுவேன். குழந்தைக்கு ஒட்டாமல் இருந்தால் போதும், அதற்குத்தான் இந்தக் குவளை” என்றார்.

தமக்கு வந்திருப்பது இன்ன நோய் என்று அவர் பங்குனித் திங்களிலேயே ஐயுற்றிருந்தார். அறியாமையால் மறுத்தார் என்று மகன் நினைத்தான். அவரோ தம் தந்தையார்க்கு நேர்ந்ததை அறிந்திருந்தமையாலேயே மறுத்தார். நோயின் பெயரைக்கூட அவர் வாயால் சொல்லவில்லை. பண்டை நாளில் மக்கள் இதனை ‘எலும்புருக்கி’ என்றனர். தேய்வு என்னும் பொருளுடைய வடசொல்லைத் தமிழாக்கிச் ‘சயரோகம்’ என்றும் வழங்கினர். இரண்டும் கேட்ட அளவிலேயே நெஞ்சை நடுங்கச் செய்யும் பெயர்கள். ஒரு நோய்க்கு நம் முன்னோர் இட்ட பெயரிலேயே அந்நோய்முன் அவர்கள் கையற்று நின்ற நிலை பதிந்துவிடுகின்றது. நிலை மாறிய பின்னும் பெயரோடு அச்சம் நின்றுவிடுகின்றது.

மகள் அன்று மறுமொழி கூறவில்லை. மறுநாள் அரசினர் ஆரம்பச் சுகாதார நிலையத்திற்குச் சென்று மருத்துவரைக் கண்டாள். அவள் கேட்டவை பெரும்பாலும் நோயைப் பற்றியன அல்ல. தந்தையின் அச்சத்தைப் பற்றியன. இந்நோயே எனத் தெரிந்தால் அவரை ஊரைவிட்டுக் கொண்டுபோய்விடுவார்களா? குழந்தைக்கு ஒட்டுமா? தறியில் உட்காரலாமா? பணம் எவ்வளவு ஆகும்? அவற்றிற்கு மருத்துவர் கூறிய விடைகளை உணர வேண்டுமாயின் இந்நோயின் வரலாற்றைச் சிறிது அறிதல் வேண்டும். அவ்வரலாற்றில் தமிழ்நாட்டிற்கு ஒரு சிறந்த இடம் உண்டு.

காசநோய் ஒரு நுண்ணுயிரால் விளைவது என்பதை 1882ஆம் ஆண்டு மார்ச்சு 24ஆம் நாள் இராபர்ட் கோக் என்னும் அறிஞர் பெர்லின் நகரில் வெளியிட்டார். காரணம் தெரிந்ததேயன்றி அதனைக் கொல்லும் மருந்து அதன்பின் அறுபது ஆண்டுகள் வரை கிடைக்கவில்லை. தூய காற்று, ஓய்வு, ஊட்டமிக்க உணவு ஆகியவற்றையே மருந்தாகக் கொண்டு, ஊருக்குப் புறத்தே விடுதிகள் அமைத்தனர். சென்னையை அடுத்த தாம்பரத்தில் 1928ஆம் ஆண்டில் மருத்துவர் சௌரி முத்து அமைத்த விடுதி அவற்றுள் ஒன்று. அங்குள்ள இரயில் நிலையம் ‘தாம்பரம் சானடோரியம்’ என்று இன்றும் அதன் பெயரையே தாங்கி நிற்கின்றது. அந்நிலையத்தில் நாள்தோறும் ஏறி இறங்குவோருள் எத்தனை பேர் அப்பெயரின் பொருளை எண்ணுகின்றனரோ! 1940களில் ஸ்டிரெப்டோமைசினும், 1952இல் ஐசோநயாசிடும் மருந்துகளாகப் பயன்பாட்டுக்கு வந்தன. முதன்முறையாக மனிதன் கையில் இந்நோயை வெல்லும் படை கிடைத்தது.

ஆயினும் ஓர் ஐயம் எஞ்சி நின்றது. விடுதிகளில் இருந்த படுக்கைகளோ மிகச் சில. நோயாளிகளோ மிகப் பலர். நெருக்கமான சிறு வீட்டில், எளிய உணவை உண்டுகொண்டு, மருந்தை மட்டும் ஒழுங்காக உட்கொண்டால் நோய் தீருமா? உடனுறைவோர்க்குக் கேடு நேராதா? இவ்வினாவை உலகிற்காக ஆராய்ந்த இடம் சென்னை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், சென்னை அரசும், உலக நல நிறுவனமும், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் சேர்ந்து 1956ஆம் ஆண்டில் சென்னையில் ஓர் ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கின. நகரத்து ஏழை நோயாளிகளை இரு பகுதியினராக்கி, ஒரு பகுதியினரை விடுதியில் வைத்தும், மற்றொரு பகுதியினரை அவரவர் வீட்டிலேயே இருக்கச் செய்தும் ஓராண்டுக் காலம் ஒரே மருந்துகளை அளித்தனர். விடுதியிலிருந்தோர்க்கு நல்ல உணவும் ஓய்வும் கிடைத்தன. வீட்டிலிருந்தோர்க்கு அவை அவ்வாறு வாய்க்கவில்லை. எனினும் 1959ஆம் ஆண்டில் முடிவு வெளிவந்தபோது, வீட்டில் மருந்துண்டோர் விடுதியிலிருந்தோர்க்கு ஏறத்தாழ நிகராகவே நலம் பெற்றிருந்தனர். அவர்களுடைய குடும்பத்தாரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து நோக்கியபோதும், நோயாளி வீட்டிலிருந்தமையால் அவர்களிடையே நோய் மிகுந்துவிடவில்லை. உடனுறைவோர்க்கு உண்மையான இடர், நோயாளி மருந்து தொடங்குவதற்கு முன்னரே நேர்கின்றது என்பது விளங்கியது. உலகெங்கும் விடுதிகளின் காலம் முடிவுறுவதற்கு இம்முடிவு ஒரு பெருங்காரணமாயிற்று.

முடிவு வெளிவந்தது 1959இல். நெசவாளரின் தந்தையை வண்டியில் ஏற்றியது 1961இல். காசநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் நாடளாவத் தொடங்கியது 1962இல். சென்னைக்கும் காஞ்சிக்கும் இடையே உள்ள தொலைவு எழுபத்தைந்து கிலோமீட்டர் அளவே. அறிவு பிறந்த இடத்திலிருந்து அவ்வெழுபத்தைந்து கிலோமீட்டரைக் கடந்து ஓர் எளிய வீட்டின் வாயிலுக்கு வந்து சேர்வதற்கு எவ்வளவு காலம் ஆகின்றது பாருங்கள்! அந்நெசவாளர் நெஞ்சிற்கு அது 2025ஆம் ஆண்டிலும் வந்து சேர்ந்திருக்கவில்லை.

அன்று மாலை மகள் தறியருகில் அமர்ந்தாள். இம்முறை தமையனையும் உடன் இருக்கச் செய்தாள். முதற்கண் அவனே பேசினான். “அப்பா, அன்று பொய் சொல்லி அழைத்துச் சென்றது என் பிழை. இனி எங்கே போவதாயினும் உள்ளதைச் சொல்லித்தான் அழைப்பேன்” என்றான். தந்தையார் தலையை மட்டும் அசைத்தார்.

பின்பு மகள் கூறினாள்: “அப்பா, உங்களுக்கு அந்த நோய் இல்லை என்று நான் சொல்லவில்லை, இருக்கலாம். மருத்துவரைக் கேட்டு வந்தேன். இருந்தாலும் இக்காலத்தில் ஊரைவிட்டுக் கொண்டுபோக மாட்டார்கள். வீட்டிலேயே இருந்து ஆறு திங்கள் மாத்திரை உண்ண வேண்டும். உடல்நிலை தளர்ந்திருந்தால் சில நாள் மருத்துவமனையில் தங்கச் சொல்லலாம். அப்பொழுது நானோ அண்ணனோ உடன் இருப்போம். மாத்திரைக்குப் பணமில்லை.”

“குழந்தை?” என்றார் தந்தையார்.

“அதைத்தான் சொல்ல வந்தேன். இந்நோய் குவளையால் ஒட்டுவதில்லை அப்பா, தட்டாலும் ஒட்டுவதில்லை. இருமும்போது காற்றில் கலந்து பரவுகின்றது. நீங்கள் குவளையைப் பிரித்து வைத்தீர்கள். காற்றை எவ்வாறு பிரிப்பீர்கள்? மாத்திரை உண்ணத் தொடங்கிய பிறகு சில வாரங்களிலேயே பிறர்க்குப் பரவுவது பெரிதும் குறைந்துவிடும் என்றார் மருத்துவர். குழந்தையையும் சோதித்து, வேண்டுமாயின் தடுப்பு மருந்து தருவார்கள். அவனை நீங்கள் விரட்ட வேண்டிய நாள் குறையும்.”

அவர் ஆணியில் தொங்கிய குவளையை நோக்கினார். மூன்று திங்களாகத் தாம் காத்த நோன்பு குழந்தையைக் காக்கவில்லை என்பதை உணர்ந்த அவர் முகம் வாடியது. அதனை அப்பொழுது சொல்லியிருக்க வேண்டுமோ என்று மகள் ஒரு கணம் வருந்தினாள். ஆனால் வேறு வழியில்லை. அவருடைய மறுப்பு முழுவதும் அந்தக் குவளையை நம்பியே நின்றது.

“தெருவார்?” என்று அவர் மீண்டும் கேட்டார்.

“அவர்கள் என்ன சொல்வார்கள் என்பதற்கு என்னால் உறுதி கூற இயலாது” என்றாள் மகள். இவ்வொரு விடையே மற்ற விடைகளையும் அவர் நம்புமாறு செய்தது எனலாம். எல்லாம் இனிது முடியும் என்று வாய் நிறையச் சொல்பவரை நோயாளிகள் நம்புவதில்லை. தெரியாததைத் தெரியாது என்பவர், தெரியும் என்று சொல்வதை நம்புகின்றனர்.

ஆயினும் அவர் உடனே எழுந்துவிடவில்லை. “தறியில் கலியாணப் புடைவை இருக்கிறது. இதை அறுத்துக் கொடுத்த பிறகு பார்ப்போம்” என்றார். அப்புடைவை முடிய இன்னும் பத்து நாளாகும். மகன் முகம் சிவந்தது. மகள் அவனைக் கண்ணால் அடக்கினாள். “புடைவை முடியட்டும் அப்பா. அதற்குள் சளியை மட்டும் கொடுத்துவிடுங்கள். நீங்கள் எங்கும் வர வேண்டியதில்லை. காலையில் எழுந்ததும் எடுத்து வைத்தால் அண்ணன் கொண்டுபோய்க் கொடுப்பான். முடிவு தெரிந்த பின் என்ன செய்வது என்பதை நீங்களே சொல்லுங்கள்” என்றாள்.

பெரிய செயலுக்கு இசையாத முதியவர் சிறிய செயலுக்கு இசைவதுண்டு. அறிவு தெளிந்த முதியவர்க்குத் தம் உடலைப் பற்றி முடிவு செய்யும் உரிமை உண்டு. பிள்ளைகள் அதனைப் பறித்துக்கொள்ளலாகாது. அவ்வுரிமை தம் கையிலேயே இருக்கின்றது என்று கண்டால் அவரும் ஓரடி முன் வைக்க அஞ்சுவதில்லை. மறுநாள் விடியலில் சிறு மூடியிட்ட கலத்தில் சளி சென்றது. இக்காலத்தில் நுண்ணுயிரின் மரபணுவைக் கண்டறியும் கருவிகள் இரண்டு மணி நேரத்தளவில் நோய் உண்டா, தலையாய மருந்துக்கு அது கட்டுப்படுமா என்னும் இரண்டையும் காட்டிவிடுகின்றன. நோய் உண்டு, மருந்துக்குக் கட்டுப்படும் என்று முடிவு வந்தது. மகன் அதனை மறைக்காமலும் கூட்டாமலும் தந்தையிடம் சொன்னான். அவர் சிறிது நேரம் நூலை நீவிக்கொண்டிருந்தார். பின்பு, “நாளைக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும்?” என்று கேட்டார். கலியாணப் புடைவை தறியிலேயே இருந்தது.

மருத்துவமனையில் நெஞ்சைப் படம் பிடித்தனர். குருதியில் சர்க்கரை அளவையும் பார்த்தனர். சர்க்கரை நோய் உள்ளார்க்குக் காசநோய் எளிதில் பற்றும் என்பதனால் இரண்டையும் சேர்த்தே சோதிப்பது வழக்கம். உடல் எடைக்கேற்ப மாத்திரைகளை அளந்து கொடுத்தனர். முதல் இரண்டு திங்கள் நான்கு மருந்துகளும், பின் நான்கு திங்கள் மூன்று மருந்துகளும் சேர்ந்த மாத்திரைகள் அவை. “சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், அது மருந்தின் நிறம், குருதியன்று, அஞ்ச வேண்டா. கண்ணோ தோலோ மஞ்சளித்தாலும், ஓயாமல் வாந்தியெடுத்தாலும், பார்வை மங்கினாலும் உடனே வந்துவிடுங்கள்” என்று செவிலியர் முன்னரே சொல்லி வைத்தார். சொல்லாமல் விட்டிருந்தால் முதல் நாளிலேயே அவர் மருந்தை நிறுத்தியிருப்பார் என்பதில் ஐயமில்லை. ஊட்டவுணவுக்கென அரசினர் திங்கள்தோறும் 1,000 ரூபாயை வங்கிக் கணக்கில் இடும் ஏற்பாடும் செய்யப்பட்டது.

முதியவரை இசைவிக்கும் வேலை அத்துடன் முடிந்துவிட்டது என்று பிள்ளைகள் எண்ணினர். இரண்டு திங்களில் இருமல் நின்றது, காய்ச்சல் அகன்றது, உடல் சிறிது தேறியது. “இனி எதற்கு மாத்திரை? வயிற்றைப் புரட்டுகின்றது” என்றார். உண்மையில் முதல் மறுப்பைக் காட்டிலும் இடர் மிக்கது இம்மறுப்பே. நடுவில் நிறுத்தினால், எஞ்சிய நுண்ணுயிர்கள் மருந்துக்கு அடங்காதனவாய் மீண்டும் பெருகக்கூடும். அப்பொழுது மருத்துவம் கடுமையாகும். நோயும் தீராமற் போகலாம். இம்முறை மகன் கடிந்து பேசவில்லை. மகளும் ஆரணியிலிருந்து வரவில்லை. மனைவியார் ஒரு காரியம் செய்தார். தறியறையில் இரண்டு கூடைகளை வைத்தார். ஒன்றில் எஞ்சிய நாள்களுக்குரிய தார்க்குச்சிகளை எண்ணிப் போட்டார். மாத்திரை உண்டதும் ஒரு குச்சியை எடுத்து மறு கூடையில் போடுவது பேரனுடைய வேலையாயிற்று. காலையில் அவன் வந்து, “தாத்தா, குச்சி?” என்று கேட்டுக்கொண்டு நிற்பான். எழுபது ஆண்டுக் கிழவர்க்கு நான்கு ஆண்டுக் குழந்தையிடம் ‘இன்று உண்ணவில்லை’ என்று சொல்ல நா எழவில்லை.

தெருவாரைப் பற்றி மகள் உறுதி கூறாமல் விட்டது சரியாகவே அமைந்தது. எதிர் வீட்டார் சில வாரம் திண்ணைக்கு வருவதை நிறுத்தினர். இரண்டு வீடு தள்ளியிருந்தவரோ, யாரும் கேளாமலே வாரந்தோறும் முட்டைகளைக் கொண்டுவந்து கொடுத்தார். கலியாணப் புடைவைக்குரியவர்கள் நாள் பொறுத்துக்கொண்டனர். மூன்றாம் திங்களில் அவரே அதனை முடித்து அறுத்துக் கொடுத்தார்.

மார்கழியில் இறுதிச் சோதனையிலும் நுண்ணுயிர் காணப்படவில்லை. அன்று காலை மனைவியார் ஆணியிலிருந்த பித்தளைக் குவளையை எடுத்துப் புளியிட்டுத் துலக்கி, அடுக்களையில் மற்றக் குவளைகளோடு கவிழ்த்து வைத்தார். தறியறையில் நெசவாளர் ஒரு புதிய பாவைப் பிணைத்துக்கொண்டிருந்தார். பேரன் இரண்டு கூடைகளையும் கவிழ்த்துக் குச்சிகளையெல்லாம் குழியின் விளிம்பில் பரப்பிவிட்டு, வீடு கட்டத் தொடங்கினான்.